கரிசல் மண்ணில் மருந்து தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற, மருந்துச் சேர்மங்கள் தரும் மண் பாக்டீரியாவைத் தேடப்போகிறாய் என்றதில் மகிழ்ச்சி. காரத்தன்மையுள்ள அந்த மண் அதற்கு நன்றாக ஒத்துவரும். ஆனால் உன் ஆய்வுத் திட்டத்தில் அழற்சி எதிர்ப்புக்கு முட்டை வெள்ளைக்கருச் சோதனை ஒன்றுதான் இருக்கிறது. அதை நம்பி ஆறு மாதத்தைக் கொடுத்துவிடாதே.

முதலில் மண். 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் எடு. ஒரு வாரம் நிழலில் உலர்த்திச் சலித்து, 10 கிராமுக்கு 1 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து வை. அந்த மண்ணைப் பரப்பும் ஊட்டத் தட்டான ஸ்டார்ச் கேசீன் அகாரில் பூஞ்சையை அடக்க மில்லிக்கு 50 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்ஸிமைடு. கொடிய நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதே. 28 டிகிரியில் 7 முதல் 14 நாள் பொறு. மதுரை வெக்கையில் தட்டு காய்ந்து சுருங்கும், அதனால் தட்டுக்கு 25 மில்லி ஊற்று. இரண்டாம் நாளே வழவழவென்று படர்வது பெரும்பாலும் பேசில்லஸ் என்ற வேறு பாக்டீரியா. நீ தேடுவது சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல இருக்கும். லூப்பால் வழித்தால் வராது, அகாரைக் கிள்ளிக்கொண்டு சில்லாகப் பெயரும். முகர்ந்து பார்க்காமலே மழைபெய்த மண்வாசனை அடிக்கும். அதுதான் ஜியோஸ்மின்.

ஐஎஸ்பி-2 என்ற ஊட்டத் திரவத்தில் 7 நாள் ஷேக்கரில் வளர்த்து, சம அளவு எத்தில் அசிட்டேட்டால் இருமுறை பிரித்தெடு. பாக்டீரியா போடாத வெறும் திரவத்தையும் அதேபோல் பிரித்தெடுத்து வை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஊடகத்தின் பழுப்பு நிறமே பிறகு மருந்து மாதிரி வேடம் போடும்.

வெள்ளைக்கருச் சோதனையில் 70 டிகிரியில் புரதம் திரிவதை 660 நானோமீட்டரில் அளக்கிறோம். புரதத்தோடு ஒட்டும் எதுவும், நிறமுள்ள எதுவும் அந்த எண்ணை மாற்றும். அழற்சியோ உயிருள்ள அணுக்களின் வேலை. 1984-இல் ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்து நோயெதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து கிடைத்தது, நிணநீர் அணுக்களின் வினையை வைத்துத் தேடியதால்தான். அது கால்சிநியூரின் என்ற நொதியை முடக்கி, நிணநீர் அணுக்களைப் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 உற்பத்தியை நிறுத்துகிறது; இன்று தோல் அழற்சிக்குக் களிம்பாகவும் வருகிறது.

ஆகவே ரா 264.7 (RAW 264.7) என்ற எலியின் விழுங்கணுக்களைக் கேட்டு வாங்கு. சாறு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து அழற்சியைத் தூண்டும் பாக்டீரியா உறைப்பொருளான எல்பிஎஸ் மில்லிக்கு 1 மைக்ரோகிராம் சேர். 24 மணி நேரத்துக்குப் பின் மேல் திரவத்தைத் தனியே எடுத்து, அழற்சியில் அணுக்கள் விடும் நைட்ரிக் ஆக்சைடைக் காட்டும் கிரீஸ் வினைப்பொருள் சேர்த்து 540 நானோமீட்டரில் படி. இளஞ்சிவப்பு வெளிறினால் உடனே துள்ளாதே: அணுக்கள் செத்திருந்தாலும் வெளிறத்தான் செய்யும். அதே குழியின் அணுக்களில், உயிரோடு இருக்கின்றனவா என்று காட்டும் எம்டிடி சோதனை பார். 90 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் செறிவுகளை மட்டும் கணக்கில் எடு. சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு, 0.1 சதவீதத்துக்குள்.

நல்ல வகை ஒன்று சிக்கியதும் அன்றைக்கே 20 சதவீத கிளிசராலில் போட்டு மைனஸ் 80-இல் வை. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் பொடி உதிர்வது குறைந்து வழுக்கையாகும். அதோடு சேர்மமும் நின்றுபோகும்.

அன்புடன்,
அண்ணன்