மதுரை மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு தாயின் மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வணக்கம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. மூட்டுவாதத்தோடு கண்ணுக்குள்ளும் அழற்சி, யுவைட்டிஸ் என்கிறார்கள். கண் சிவக்காது, வலிக்காது. டாக்டர் கண் பார்க்கும் விளக்குக் கருவியில் பார்த்து "செல் இருக்கும்மா" (கண்ணுக்குள் அழற்சி அணுக்கள் இருக்கின்றன) என்று சொன்னால்தான் எங்களுக்கே தெரியும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டதில் கண் அழுத்தம் ஏறியது. அழற்சியை அடக்கக் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கும் முழுசாக அடங்கவில்லை. காசநோய் இல்லை என்று சோதித்துவிட்டு அடலிமுமாப் ஊசி ஆரம்பித்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்று. மெத்தோட்ரெக்சேட்டோடு இந்த ஊசியும் சேர்ந்தால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அழற்சி நன்றாகக் கட்டுப்படுகிறது என்று 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வு சொல்கிறது. இவளுக்கும் கேட்டது. சொட்டு மருந்து பாதியாகக் குறைந்தது.

போன சித்திரையில் ஒரு கடையில், குளிரிலேயே இருக்க வேண்டிய அந்த ஊசியை வெறும் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தபோது அட்டைப்பெட்டி கைக்குச் சுட்டது. போன் செய்தேன். "போடாதீங்க" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் கடன் வாங்கிக் கொடுத்த காசு அது. இன்னொரு கடையில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து நீட்டினார் ஒரு தம்பி. பெட்டி மேலெல்லாம் உறைபனி. உறைந்த ஊசி உருகினாலும் உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இது புரதத்தால் ஆன மருந்து. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெளிச்சம் படாமல் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து வெளியூர் போகும் மல்லிகையைக்கூட தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துத்தானே கட்டுகிறோம்! ஊசியோடு ஓர் ஐஸ் பேக் வைத்து, அது ஊசிமேல் நேராகப் படாதபடி நடுவில் ஒரு துணி சுற்றிக் கொடுங்கள். கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நெடுநேரம் நின்றிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுக்கும்போது கவர்மேல் கிழமையைப் பெரிதாக எழுதுங்கள். வாரம் ஒருநாள் மாத்திரையைத் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. என் மாமியார் ஒருமுறை "இன்னைக்குக் குடுக்கலையா?" என்று மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்.

அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை. தெர்மாகோல் பெட்டியை நானே கொண்டுவருகிறேன். ஐஸ் பேக்கை மட்டும் முந்தின இரவே உறைய வைத்துவிடுங்கள்.