முள்வால் பல்லிக்கு எல்லை போடுமுன்

வேதாரண்யம்,
ஆனி 10

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே மேட்டூர்த் தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது. தலைஞாயிறு பக்கம் வாய்க்காலில் இன்னும் புல்தான் மண்டிக் கிடக்கிறது. கடைமடைக்காரனுக்குக் கண்ணால் பார்த்தால்தான் தண்ணீர்.

ஆவணியில் ஜெய்சால்மர் போய், வளையில் வாழும் முள்வால் பல்லிகளுக்கு ரேடியோ டேக் (அலை அனுப்பும் சிறு கருவி) மாட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு இடத்தில் நடமாடுகிறது என்று அளக்கப் போகிறாய். எல்லையை எந்த மென்பொருளில் போடுவது என்று கேட்டிருக்கிறாய். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. பல்லி நின்ற இடத்தைக் குறிக்கும் புள்ளி சரியில்லை என்றால் எந்த மென்பொருளும் கைகொடுக்காது.

கையில் பிடிக்கும் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலும் மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும். நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார். ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. ஐந்து மீட்டர் பிழை என்றால் பல்லி ஏறக்குறைய ஆறு குழி வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். புலிக்கு இது தூசு. அரை மா நிலத்துக்குள் வாழ்ந்து முடிக்கும் ஒரு பல்லிக்கு, நீ வரையும் எல்லையில் பெரும்பங்கு கருவியின் பிழையாகவே இருக்கும். அதனால் வளைகள் இருக்கும் இடத்தில் பத்து மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் போட்டுக் கம்பி நடு. மூங்கில் வேண்டாம், கறையான் தின்றுவிடும், ஆடும் ஒட்டகமும் தட்டிவிடும். 6 எம்.எம். கம்பியை ஒரு அடிக்குமேல் உள்ளே இறக்கி, மாட்டின் காலைக் குத்தாதபடி தலையை வளைத்துவிட்டு, எண் எழுதிய தகட்டைக் கட்டு. பல்லி நின்ற இடத்தை அருகிலுள்ள கம்பியிலிருந்து டேப்பாலும் திசைகாட்டியாலும் அள. திசைகாட்டியைக் கம்பியை ஒட்டிப் பிடிக்காதே, இரும்பு முள்ளை இழுக்கும். இப்படிச் செய்தால் பிழை அரை மீட்டருக்குள் அடங்கும்.

அடுத்தது டேக். உடல் எடையில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. பேட்டரி, பசை, கட்டும் நூல் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. டேக்கை மட்டும் தராசில் வைத்து ஏமாந்துவிடாதே. 120 கிராம் பல்லிக்கு மொத்தம் ஆறு கிராம்தான் உச்சம். என்னைக் கேட்டால் மூன்று சதவீதத்தோடு நிறுத்து. முட்டை சுமக்கும் பெண்ணுக்கு மாட்டவே வேண்டாம். எடை குறைந்தால் பேட்டரியும் சிறுக்கும், ஆயுளும் குறையும். நிமிடத்துக்கு 40 துடிப்பு அனுப்பும் டேக்கை 20 துடிப்புக்கு மாற்றித் தரச் சொன்னால் நாட்கள் கூடும். ஆனால் துடிப்புக்குத் துடிப்பு காத்து நின்று திசை பிடிக்கப் பொறுமை வேண்டும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இந்தப் பல்லி வளைக்குள் புகுந்தால் முள் நிறைந்த வாலால் வாசலை அடைத்துக்கொள்ளும், மண்ணைத் தள்ளியும் மூடும். வாலில் ஒட்டினால் தேய்ந்து போகும். முதுகின் நடுவே ஒட்டினால் வளையின் கூரையில் உரசும். இடுப்புக்கு நேர்மேலே, உடல் தாழ்ந்து வாலோடு சேரும் பள்ளம்தான் சரியான இடம். ஆன்டெனாக் கம்பி வாலின் பக்கமாகப் பின்னோக்கிப் படுக்கவேண்டும், நிமிர்ந்து நிற்கக்கூடாது. பசையால் ஒட்டினால் பல்லி சட்டை உரிக்கும்போது டேக்கும் சேர்ந்து விழும், அது ஒரு வகையில் நல்லதும்கூட. இடுப்பைச் சுற்றிக் கட்டுவதென்றால் ஒரு முடிச்சாவது பருத்தி நூலில் இருக்கட்டும் என்பார்கள், நூல் இற்றுத் தானே அவிழும் என்று. நம்மூரில் ஐப்பசி மழை ஒன்று போதும், இற்றுவிடும். தார் பாலைவனத்தின் காய்ச்சலில் அந்த நூல் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே பேட்டரி சாவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொன்றையும் திரும்பப் பிடித்துக் கழற்றிவிட நாள் குறித்துக்கொள். ஒரு உயிரின் முதுகில் செத்த டேக்கை விட்டுவிட்டு ரயில் ஏறக்கூடாது, பாஸ்கர்.

சிறியவற்றைப் பிடிக்க நம் பிள்ளைகள் ஓணானுக்கு ஈர்க்கில் போடும் சுருக்கே போதும், தூண்டில் கழி நுனியில் மெழுகு நூல் கட்டினால் இன்னும் எட்டும். பெரியதைக் கழுத்தில் சுருக்கிட்டுத் தொங்கவிடாதே, உடனே கை கொடு. துணிப்பையை நிழலில் வை. பிடித்த அதே வளை வாசலில் விடு. முதல் இரண்டு மூன்று நாள் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதே, அது மிரண்ட பல்லியின் நடமாட்டம்.

இனி தேடல். 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் என்றால் டேக்கின் திசையைப் பிடிக்க நீ கையில் ஏந்தும் மூன்று கம்பி யாகி ஆன்டெனா ஒரு மீட்டர் அகலம் இருக்கும். வளைக்குள் குளிர்ந்து கிடந்த டேக் வெயிலுக்கு வந்ததும் அலைவரிசை ஓரிரு கிலோஹெர்ட்ஸ் நகரும். சத்தம் போய்விட்டதே என்று பதறாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் திருப்பிப் பார். கிட்டே வந்ததும் கெயினை, அதாவது ரிசீவர் சத்தத்தைப் பெருக்கும் அளவை, குறைத்துக்கொண்டே போ, இல்லையென்றால் எல்லாத் திசையிலும் ஒரே சத்தமாகக் கேட்கும். பல்லி தெரியும் தூரத்தில் நின்று பைனாகுலரில் இடத்தைக் குறி, அது நகர்ந்த பிறகு போய் அள. நேரே நடந்து போனால் வளைக்கு ஓடும், நீ எழுதுவது உன் காலடி விரட்டிய இடமாக இருக்கும்.

நேரத்தை முறைப்பாசனம் மாதிரி பங்கிடு. தினமும் முதல் வளையிலிருந்தே தொடங்கினால் கடைசிப் பல்லியை எப்போதும் உச்சி வெயிலில்தான் பார்ப்பாய். அப்போது மணல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், அது உள்ளேதான் இருக்கும், ஊரைச் சுற்றாத சோம்பேறி என்று பெயர் வாங்கும். இன்று தலைமடையில் தொடங்கினால் நாளை கடைமடையில் தொடங்கு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பர்ட் என்பவர் 1943-இல் சொன்ன விளக்கமே இன்றும் அடிப்படை: இரை தேட, இணை சேர, குஞ்சு பேண ஒரு விலங்கு வழக்கமாகப் போய்வரும் பரப்பு. எப்போதோ ஒருமுறை வெளியே போனதைச் சேர்க்கக்கூடாது. வெளிப்புள்ளிகளைக் கயிறு கட்டினாற்போல் இணைக்கும் குவி பலகோணம், அந்த ஒருமுறைப் பயணத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுவில் பல்லி மிதிக்காத பாறைத்திட்டு இருந்தாலும் அதையும் சேர்க்கும், குளத்தையும் சேர்த்து வயலுக்குப் பட்டா போடுவது போல. புள்ளி கூடக் கூட அது பெரிதாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு பல்லிக்கும் புள்ளி எண்ணிக்கைக்கு எதிராகப் பரப்பை வரைந்து, கோடு படுக்கையாகிறதா என்று பார். கோடு படுக்காத பல்லியைக் கணக்கிலிருந்து விட்டுவிடு. மற்றவர்களின் அளவோடு ஒப்பிட மட்டும் இந்தப் பலகோணத்தை வைத்துக்கொள்.

புள்ளிகள் எங்கே நெருங்கி விழுகின்றன என்பதை வைத்து எல்லை போடும் கெர்னல் முறைக்குக் குறைந்தது 30 புள்ளி, 50 இருந்தால் நல்லது. இங்கே வளைதான் தொல்லை. ஒரே வாசலில் இருபது புள்ளி விழுந்தால் ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு அகலத்துக்குப் பரப்புவது என்று தானாகத் தேர்ந்தெடுக்கும் கணக்கு சுருங்கிப்போய், வரைபடத்தில் தீவு தீவாகக் காட்டும். வளைப் புள்ளி நாளுக்கு ஒன்று போதும், வெளிநடமாட்டத்தைத் தனியாகவும் ஒருமுறை கணக்கிடு. குளிர் வந்ததும் இவை வளைக்குள் முடங்கிவிடும் என்பதால் உனக்குக் கிடைப்பது மூன்று மாத எல்லைதான். தலைப்பிலேயே அப்படி எழுது, ஆண்டு எல்லை என்று எழுதாதே.

வனத்துறை அனுமதியோடு அலைவரிசை அனுமதியும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், இரண்டாவதை எல்லோரும் மறக்கிறார்கள்.

போகுமுன் இரண்டு நாள் இங்கே வந்து கண்ணைப் பழக்கு. கோடியக்கரை போகும் வழியில் சவுக்குத் தோப்பு மணலில் விசிறித்தொண்டை ஓணான் இருக்கிறது. இந்த மாதத்தில் ஆண்கள் தொண்டையை விரித்துக்கொண்டு நிற்கும். 2016-இல் பெயரிட்ட தமிழ்நாட்டு இனம் ஒன்றுக்கு நம் 'விசிறி' என்ற சொல்லையே வைத்தார்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது. பிடிக்கவேண்டாம், தடம் மட்டும் படி. சாயங்காலம் மணலை விளக்குமாற்றால் கூட்டிவிட்டுக் காலை ஏழு மணிக்குப் போ. சாய்வெயிலில் ஒவ்வொரு விரலும் நிழலோடு தெரியும். பின்னங்காலில் நான்கே விரல் என்றால் இது, ஐந்து என்றால் தோட்டத்து ஓணான். நடுவில் ஓடும் வால்கோடு திடீரென்று அறுந்து, அடித்தடங்கள் தள்ளித் தள்ளி விழுந்தால் அந்த இடத்தில் இரண்டு காலில் எழுந்து ஓடியிருக்கிறது. பத்து மணிக்குக் கடல்காற்று எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

வரும்போது டேக் இரண்டு எடுத்து வா. தென்னை மட்டைத் துண்டில் கட்டி, ஒன்றை மணல்மேல் வைப்போம், ஒன்றை மூன்றடி ஆழத்தில் புதைப்போம், எத்தனை மீட்டரில் சத்தம் அறுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். டேக்கில் ஒட்டியிருக்கும் காந்தத்தை வழியில் எடுத்துவிடாதே, எடுத்த நொடியிலிருந்து பேட்டரி கரையும்.

அன்புடன்,
முத்து