முழு நைட் முடித்தவருக்கு இன்னொரு நாள் கொடுங்கள்

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். வேடசந்தூர் வட்டாரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நூற்பாலைத் தொழிலாளர்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை எழுதிய சீட்டில் '1-0-1' என்று இருக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டோடு. முழு நைட் (நள்ளிரவு முதல் காலை வரையான ஷிப்ட்) முடித்து வந்த ஒருவர் அந்தச் சீட்டை நீட்டி, "வேலைக்குப் போகும்போது போடுவதா, வந்த பிறகு போடுவதா?" என்று கேட்டார். எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுப் படுக்கிறார். தகரக் கூரை காய்ந்ததும் எழுந்துவிடுகிறார். இரவு இரண்டு மணிக்குக் கேண்டீனில் பரோட்டா. மருத்துவரிடம் கேட்டு நேரம் குறித்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே பகல் ஷிப்ட் வந்து எல்லாம் மாறிவிட்டது.

இரவில் இன்சுலின் பகலைப்போல வேலை செய்வதில்லை. அதே பரோட்டா நள்ளிரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். தூக்கத்தில் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம், அரைகுறைப் பகல் தூக்கத்தில் சரியாக இறங்காது. ஆலை விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் மாதவிடாய் தள்ளிப்போவதைத் தணிந்த குரலில் சொல்லி மாத்திரை கேட்கிறார்கள். கொடுக்க மனம் வராமல் மருத்துவரிடம் அனுப்புகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007இலேயே சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்து, இரவுப் பணியை அதே இடத்தில் வைத்தது.

ஆலைகளை இரவில் மூடச் சொல்லவில்லை. விடுமுறைக் கணக்கைத்தான் பார்க்கச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த முறைப்படி, இரவு ஷிப்ட் முடிந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரம்தான் வார விடுமுறை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெளியே வந்தவரைத் திங்கள் காலை எட்டு மணிக்கே பகல் ஷிப்டுக்குக் கூப்பிடலாம். ஞாயிறு பகலில் தூங்கியவருக்கு அன்றிரவு எப்படித் தூக்கம் வரும்? கண் எரிச்சலோடு அவர் ஓடும் இயந்திரத்தின் முன்னே நிற்கிறார். இரவு வாரம் முடிந்தவருக்கு 48 மணி நேரமாவது கட்டாயமாக்குங்கள்.

ஷிப்ட் மாறும் வரிசையும் முக்கியம். பகல், அரை நைட் (மாலை முதல் நள்ளிரவு வரை), முழு நைட் என்று போனால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். தூக்கத்தைத் தள்ளிப்போடலாம், வராத தூக்கத்தை முன்னதாக வரவழைக்க முடியாது. சில ஆலைகளில் ஆள் பற்றாக்குறையைச் சொல்லி இதைத் தலைகீழாகச் சுற்றுகிறார்கள்.

இரவுத் தொழிலாளர்களுக்கு இலவசப் பரிசோதனை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990இலேயே உடன்படிக்கை கொண்டுவந்தது. ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பார்க்க ஆலைகளுக்கு உத்தரவிடுங்கள். ஆய்வுக்கு வரும் உங்கள் அதிகாரிகள் வருகைப் பதிவேட்டில் ஆள் கணக்கோடு, ஒவ்வொருவருக்கும் முழு நைட்டுக்கு அடுத்து எந்த ஷிப்ட் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வேடசந்தூர் மருந்துக் கடைக்காரர் ஒருவர்