சோனியாவின் பக்கம்

கிளிநொச்சி,
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழி,

நீ அனுப்பிய நாவல் வந்து மூன்று கிழமை. பதில் எழுதப் பிந்தியதற்கு மழைதான் காரணம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, தாழ்ந்த வயல்களுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது. எங்கள் காலபோக நெல்லில் பாதி தப்பியது. அம்மா நலம், உன்னைக் கேட்டார்.

ஷியாம் செல்வதுரையின் 'சினமன் கார்டன்ஸ்' நாவலை இரண்டு தரம் வாசித்தேன். இலண்டனில் றிச்சர்ட்டைக் காதலித்த பாலேந்திரனைத் தகப்பன் முதலியார் பிரித்து, ஊருக்குத் திருப்பிவிடுகிறார். சோனியாவோடு குடும்பமாகிப் பிள்ளையும் வளர்ந்த பின், 1927இல் இலங்கையின் அரசியலமைப்பை ஆராய டொனமூர் ஆணைக்குழு வந்த வேளையில் றிச்சர்ட் கொழும்பில் வந்து இறங்குகிறார். முதல் தரம் பாலேந்திரனுக்காகவே அழுதேன். ஆணுக்கு ஆண் உறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு வாசலில் நிற்கும்போது அந்த மனிதர் யாரிடம் வாய் திறப்பார்?

இரண்டாம் தரம் சோனியாவை மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தேன். கணவர் பண்பானவர். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அடிக்கிறவன் என்றால் தாய்வீட்டில் சொல்லி அழலாம். இப்படி ஒருவரிடம் என்ன குறை என்று சொல்வது? பெண் தன்னிடமே குறை தேடத் தொடங்கிவிடுவாள்.

விடுதியில் அட்டை போட்டு ஒளித்து வாசித்தோமே, ஆண்களின் காதலைச் சொல்லும் ஃபார்ஸ்டரின் ஆங்கில நாவல் 'மொறிஸ்'? 1914இல் எழுதிவிட்டுப் பூட்டி வைத்தார். அவர் இறந்த பிறகு, 1971இல்தான் அச்சேறியது. மனைவி ஆனிடம் உண்மையை எப்படி மறைப்பது என்று மொறிஸின் பழைய காதலர் கிளைவ் யோசிப்பதோடு அது முடியும். அப்போது நாம் ஆனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பத்தொன்பது வயதில் காதலர்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

இதெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அண்ணாவின் மூத்தவனுக்குப் பேச்சுக்கால் நடக்கிறது. சாதகம் பொருந்திவிட்டது. அவன் வேண்டாம் என்கிறான், காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "கலியாணம் கட்டினால் எல்லாம் சரிவரும்" என்றார் அண்ணி. வழக்கமாகத் தலையாட்டுகிற நான், இம்முறை "கட்டிவரப்போகிற பெண்பிள்ளைக்கும் சரிவருமா?" என்று கேட்டுவிட்டேன். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அண்ணி இரண்டு நாளாக என்னோடு கதைப்பதில்லை. அவன் மட்டும் நேற்று வந்தான். மேசையில் கிடந்த உன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமி, கொண்டுபோகட்டுமா?" என்றான். திருப்பி அனுப்பக் கொஞ்சம் பிந்தும், கோபிக்காதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி