பாப்பாவின் டிராயிங் கிளாஸ்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, உடனே பதில் போட முடியவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது, இப்போது நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்த அன்று தன் புடவையையே தூக்கித் தூக்கிப் பார்த்து, "இது நீலமாடா, நான் இத்தனை நாளா கறுப்புன்னுல்ல நெனச்சேன்" என்றார். மயிலாப்பூர்ப் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பதால் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதுதான் பெரும்பாடு. மற்றபடி எல்லோரும் நலம்.

உன் கடிதத்தில் ஒரு வரி மனதில் தைத்துவிட்டது. பாப்பா ஒன்பதாவது வந்துவிட்டாள், அடுத்த வருஷம் பப்ளிக், அதனால் டிராயிங் கிளாஸை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்டா, திரும்ப அனுப்பு.

நம் டிராயிங் மாஸ்டரை நினைத்துப் பார். ஏழாவதில் காக்கா வரையச் சொன்னார், வகுப்பு மொத்தமும் கறுப்புக் கிரேயானை எடுத்து அப்பி வைத்தோம். அவர் திட்டவில்லை, எல்லோரையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய் மதில்மேல் இருந்த காக்காயைக் காட்டி, கழுத்தைப் பாருங்கடா என்றார். சாம்பல் நிறம்! தினமும் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள் நாம், ஒருத்தன்கூட அதைக் கவனித்ததில்லை. இன்றைக்கு சைட்டில் தூக்குக்குண்டு போடுவதற்கு முன்பே சுவர் சாய்ந்திருப்பது என் கண்ணுக்குப் படுகிறதென்றால், அது அந்த வராந்தாவில் ஆரம்பித்தது என்றுதான் நினைக்கிறேன்.

என் பையன் பள்ளியில் டைம்டேபிளில் டிராயிங் பீரியட் வாரத்துக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் போர்ஷன் முடியவில்லை என்று சயின்ஸ் டீச்சர் எடுத்துக்கொள்கிறார். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், அரையாண்டுத் தேர்வு முடியட்டும் சார் என்றார்கள். அரசுப் பள்ளிகளில் வேறு விதமான கஷ்டம். 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி என்று 16,000-க்கும் மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்களே, வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அதற்கப்புறம் சம்பளம் கொஞ்சம் ஏறியது, ஆனால் நிரந்தரம் கேட்டு எத்தனை முறை போராடியிருக்கிறார்கள். கலையைச் சொல்லிக்கொடுக்கிறவருக்கு நாம் கொடுக்கிற மதிப்பு இவ்வளவுதான் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

சரி, பள்ளியில் நடக்கவில்லை என்று போன ஞாயிறு பையனை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். வெண்கலக் கூடத்தில் நடராஜர் முன்னால் நோட்டைக் கொடுத்து, வரை என்றேன். பத்து நிமிஷம் நெளிந்தான். அப்புறம் அழித்து அழித்துப் போட ஆரம்பித்தான். தூக்கிய இடது காலைப் போட்டதும் உருவம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறமாதிரி வந்தது. ஏன்ப்பா சிலை விழவில்லை என்று கேட்டுவிட்டு அவனே எழுந்துபோய்ப் பக்கவாட்டில் நின்று பார்த்தான். காலடியில் கிடக்கும் முயலகன் என்ற அசுரன்மேல் ஊன்றிய வலது கால் முழங்காலில் மடங்கி, மொத்த எடையும் அதன்மேல் இறங்குவதைக் கண்டுபிடித்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள் என்று சொன்னேன். வீட்டுக்கு வரும்வரை கேள்விமேல் கேள்வி. சயின்ஸ் பீரியடில் அவன் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் பெரியமேட்டில் கவின் கலைக் கல்லூரியைக் காட்டினேன். 1850-இல் அதை ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற டாக்டர், அறுவை சிகிச்சை மருத்துவர். அங்கே முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் நாம் சுண்டலோடு பல சாயங்காலம் உட்கார்ந்த உழைப்பாளர் சிலை. பாறையைத் தள்ளும் அந்த நாலு பேரின் முதுகை ஒரு நாளாவது நின்று பார்த்தோமா?

பாப்பா ஓவியராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்தாவது பரீட்சைக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் குறைந்து எதுவும் ஆகிவிடாது. மே லீவில் அவளை இங்கே அனுப்பு, என் பையனோடு மியூசியம் போகட்டும், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. அவளுடைய பழைய டிராயிங் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, அதையும் கொடுத்தனுப்பு. அம்மா பார்க்கணும் என்கிறார்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்