மண் கொட்டும் முன் மட்டம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆவணி பிறந்தால் தாம்பரம், முடிச்சூர், வேளச்சேரி, மேடவாக்கம் பக்கத் தெருக்களில் டிப்பர் லாரிகள் நுழையத் தொடங்கிவிடும். போன மழையில் வாசலில் தண்ணீர் நின்ற வீட்டுக்காரர்கள், “இந்த வருஷம் ரெண்டு லோடு கிராவல் அடிச்சிடுவோம்” என்று முடிவெடுத்திருப்பார்கள். கார்த்திகையில் பார்த்தால் தண்ணீர் அதே இடத்தில் நிற்கும். சில வீடுகளில் வாசலை விட்டு நகர்ந்து சுவரடிக்கே வந்திருக்கும். மண் போதாததால் அப்படி ஆவதில்லை. கொட்டிய மண்ணுக்கு வாட்டம், அதாவது தண்ணீர் வழிந்தோடும் சரிவு, கொடுக்காததால் ஆகிறது. மழைக்கு இன்னும் சில வாரங்களே இருப்பதால் இதை எழுதுகிறோம்.

முதல் வேலை அளவு எடுப்பது. மூன்றடி ரசமட்டம் 60 அடி மனைக்கு உதவாது. கண்மட்டம் அதைவிட மோசம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே, அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயே, போதும். 10 மி.மீ. விட்டமுள்ள, கண்ணாடிபோல் தெரியும் குழாய் 60 அடிக்குக் குறையாமல் வேண்டும். வாளியில் ஒரு முனையை முக்கி, மறுமுனையில் உறிஞ்சித் தண்ணீர் ஏற்றுங்கள். குழாயில் நேரே தண்ணீர் ஊற்றினால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். ஒரு குமிழ் இருந்தாலே அளவு பிசகும். ஏற்றியதும் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால்தான் குழாய் சரி. பிறகு பேஸ்மென்ட்டின் (வீட்டுத் தரையைத் தாங்கும் அடிக்கட்டின்) மேல்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, ஒருவர் அங்கே நிற்க, இன்னொருவர் மறுமுனையோடு மனை முழுக்க 10 அடிக்கு ஓர் இடமாக நடந்து, நீர்மட்டத்திலிருந்து தரை எத்தனை அங்குலம் கீழே என்று குறித்துக்கொள்ள வேண்டும். அளவு பார்க்கும்போது முனையில் கட்டைவிரல் இருக்கக் கூடாது. கடைசியாகக் கேட்டுக்கு வெளியே சாலையின் நடுமட்டம், மழைநீர் வடிகால் இருந்தால் அதன் அடிமட்டம், இவற்றையும் குறியுங்கள். இந்த இரண்டு எண்களை விட்டுவிட்டு வீட்டுக்குள் மட்டும் அளந்தால் பயனில்லை.

இப்போது கணக்கு. 40-க்கு 60 மனை, ஒரு கிரவுண்டு. அதில் 30-க்கு 40 வீடு. பக்கவாட்டிலும் பின்னாலும் ஐந்தைந்து அடி, முன்னால் 15 அடி காலி. பின்மூலையில் விழும் மழை பக்கச் சந்து வழியாக 60 அடி ஓடிக் கேட்டுக்கு வர வேண்டும். மண் வாய்க்கால் என்றால் 100 அடிக்கு ஓர் அடி வாட்டம் தேவை. 60 அடிக்கு 7 அங்குலம். சுவரடியிலிருந்து காம்பவுண்டு ஓரம்வரை தரை சாய வேண்டும்: மண்தரைக்கு 10 அடிக்கு 6 அங்குலம் என்பது முறை, ஐந்தடிச் சந்துக்கு 3 அங்குலம். இதற்கு மேல், மண்ணின் மேல்மட்டத்துக்கும் பேஸ்மென்ட்டின் மேல்மட்டத்துக்கும் இடையில் 6 அங்குலமாவது வெறும் சுவர் தெரிய வேண்டும். ஏழும் மூன்றும் ஆறும் 16 அங்குலம். கேட்டில் தண்ணீர் வெளியேறும் மட்டத்தைவிட வீட்டுத் தரை 16 அங்குலம் மேலே இருந்தால்தான் மண்ணை வைத்து வாட்டம் கொடுக்க முடியும்.

அவ்வளவு உயரம் இல்லாதவர்கள் பக்கச் சந்தின் தரையைக் கான்கிரீட் ஆக்கலாம். வழுவழுப்பான தரைக்குக் குறைந்த வாட்டமே போதும். நாலடி நடைபாதைக்கு 1 அங்குலம், காம்பவுண்டு ஓரத்தில் தட்டுபோல் குழிந்த வாய்க்காலுக்கு 2, அந்த வாய்க்கால் 60 அடி ஓட 4, வெறும் சுவர் 6, மொத்தம் 13. மிச்சமாகும் மூன்று அங்குலம், சாலையை ஒருமுறை தோண்டாமல் உயர்த்துவதை ஈடுகட்டும். ஆனால் சந்து முழுக்கக் கான்கிரீட் போட்டால் நிலத்துக்குள் ஒரு சொட்டும் இறங்காது. எனவே உயரம் இருக்கிற இடத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

அந்த 6 அங்குல வெறும் சுவரில் பலர் கைவைக்கிறார்கள். மண் பேஸ்மென்ட் மட்டத்தைத் தாண்டி ஏறினால், ஈரத் தடுப்புப் பூச்சுக்கு மேலே உள்ள செங்கல் ஈரத்தை உறிஞ்சும். அடுத்த கோடைக்குள் உள்சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயின்ட் உரியும். பிறகு எத்தனை ஆயிரத்துக்கு வாட்டர்ப்ரூஃப் பூசினாலும் வெளியே உள்ள மண்ணை இறக்கும்வரை நிற்காது. கரையானுக்கும் அது நேர்வழி.

அடுத்தது மண். எந்த மண், எப்படிப் போடுவது என்பதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அடியில் களி. அதன் மேல் மணலையோ கிரஷர் தூளையோ கொட்டி மேலே மட்டும் அழகாக வாட்டம் கொடுத்தால் என்ன ஆகும்? மழைநீர் மேல் அடுக்கில் நிற்காமல் சட்டென்று இறங்கிவிடும். பார்ப்பவருக்கு வேலை முடிந்ததுபோல் தெரியும். இறங்கிய நீர் பழைய களித்தரையில் முட்டி, அந்தத் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். பெரும்பாலான வீடுகளில் அது வீட்டுப்பக்கமே. ஏனென்றால் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியைத் திருப்பி மூடும்போது யாரும் திமிசு போட்டு மண்ணை இடித்து இறுக்குவதில்லை. இரண்டு மழையில் சுவரோரம் மண் அமுங்கிப் பள்ளமாகிவிடுகிறது. ஆகவே புது மண் வருவதற்கு முன்பே பழைய தரையைக் கொத்தி, புல்லையும் வேரையும் கழித்து, அதற்கே வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்துவிட வேண்டும். மேல் மண் நீரை எளிதில் விடாததாக இருக்கட்டும்: களி கலந்த செம்மண் அல்லது கிராவல் நல்லது. ஏரி வண்டல் தோட்டத்துக்கு அருமை, மேடாக்க ஆகாது. மக்கும் பொருள் அதிகம், அமுங்கிக்கொண்டே இருக்கும். இடிபாடு இலவசமாகக் கிடைக்கிறதே என்று கொட்டினால் கல் இடுக்கெல்லாம் பொந்து. முதலில் எலி, பிறகு பள்ளம்.

எவ்வளவு வேண்டும்? மேலே சொன்ன மனையில் காலியிடம் 1,200 சதுர அடி. சராசரி அரையடி உயர்த்தினால் 600 கன அடி, அதாவது 6 யூனிட். திமிசு போட்டால் மண் அமுங்கும் என்பதால் கால்பங்கு கூட்டி ஏழரை யூனிட் சொல்லுங்கள். லாரிக்காரர் சொல்லும் ‘லோடு’க்கு அளவு கிடையாது. பெட்டியின் உள்நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். கனிமவளத் துறைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்ணை மொத்தமாகக் கொட்டி ஜேசிபியை நாலு தடவை மேலே ஓட்டுவது இறுக்குவது ஆகாது. மேலே இறுகும், அடியில் பொலபொலப்பாகவே இருக்கும். ஆறு அங்குலத்துக்கு மேற்படாத அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ராம்மர் என்னும் மண் இறுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து அடிக்க வேண்டும். ஈரம் சரிதானா என்று கையில் தெரியும்: ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டாகப் பிளக்க வேண்டும். உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் ஒட்டி நசுங்கினால் அதிகம். அன்று ராம்மரைத் திருப்பி அனுப்பிவிடுவது மேல். சுவரோர இரண்டடியில் இயந்திரம் வேண்டாம், கைத்திமிசு போதும். முடிந்ததும் அருகம்புல்லைப் பதியுங்கள். வெறும் மண்ணாக விட்டால் முதல் பெரிய மழையே வாய்க்காலைத் தூர்த்துவிடும். ஒரு யூனிட்டை மூலையில் ஒதுக்கி வையுங்கள். இரண்டு மழைக்குப் பிறகு எங்கே அமுங்கியதோ அங்கே போடத் தேவைப்படும்.

மண் ஏற்றும்போது மறக்கப்படுபவை சில. சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி, சாக்கடைச் சேம்பர் ஆகியவற்றின் வாய் புதுத்தரைக்கு மேல் அரையடியாவது நிற்கும்படி கட்டி உயர்த்த வேண்டும். இல்லையென்றால் மழைநீர் குடிநீர்த் தொட்டிக்குள் இறங்கும். நாலரை அங்குலக் காம்பவுண்டு சுவர் மண்ணைத் தாங்கக் கட்டியதல்ல. அதில் ஓரடிக்கு மேல் மண்ணை அணைத்தால் ஈரத்தில் வெளிப்பக்கம் சாயும். மா, வேம்பு இவற்றின் அடிமரத்தை மண்ணால் மூடக் கூடாது, சுற்றிலும் செங்கல் வைத்துக் கிணறுபோல் விட்டுவிடுங்கள். மொட்டைமாடிக் குழாய் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தால் இவ்வளவு வேலையும் வீண்: 1,200 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை ஐயாயிரத்து ஐந்நூறு லிட்டர். அதை மழைநீர்த் தொட்டிக்கோ, சுவரை விட்டுப் பத்தடி தள்ளியுள்ள உறைகிணற்றுக்கோ குழாய் வழியே கொண்டுபோக வேண்டும்.

உறைகிணறு எல்லா மண்ணிலும் வேலை செய்வதில்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது களிமண் பகுதிகளிலும் அதே குழி, அதே ஜல்லிதான். பல இடங்களில் அது இன்று கொசுத்தொட்டி. ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி ஊற விட்டு, மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் குழி பயன்படும். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அதை நம்பி வாய்க்காலை அங்கே முடிக்காதீர்கள்.

சாலை வீட்டைவிட உயர்ந்துவிட்ட தெருக்களில் வாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே தண்ணீரை வீட்டின் தாழ்ந்த மூலைக்குக் கூட்டிவந்து, மூன்றடிக்கு மூன்றடி, நாலடி ஆழத் தொட்டியில் சேர்த்து, மிதவை சுவிட்ச் உள்ள நீர்மூழ்கி பம்பால் வெளியேற்றுவதே வழி. ஒரு கிரவுண்டில் மணிக்கு 5 செ.மீ. மழை என்றால் நிமிடத்துக்கு 186 லிட்டர். பம்பின் தகட்டில், உங்கள் உயரத்துக்கு இவ்வளவு தள்ளுமா என்று பார்த்து வாங்குங்கள். மழையில் மின்சாரம் போகும் என்பதை நினைவில் வைத்து இன்வெர்ட்டர் இணைப்பும், சாலைத் தண்ணீர் திரும்பி வராமல் இருக்க ஒருவழி வால்வும் வேண்டும். பாதாளச் சாக்கடைச் சேம்பரில் குழாயைச் சொருகுவது குற்றம் மட்டுமல்ல, தெரு முழுக்கக் கழிப்பறைகளில் எதிர்த்து வரும். லட்சக்கணக்கில் செலவழித்து வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குபவர்களும் உண்டு. அவர்கள்கூட வாசலின் வாட்டத்தைப் பார்த்துவிட்டுத் தூக்குவது நல்லது.

பக்கத்து வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, மேட்டு நிலத்தில் இயற்கையாக விழுந்து ஓடிவரும் நீரைத் தாழ்ந்த நிலத்துக்காரர் தடுக்க முடியாது. இதைச் சொல்லிக்கொண்டு, நான்கு பக்க நீரையும் ஒரே குழாயில் திரட்டி அடுத்தவர் சுவரடியில் விடுபவர்கள் இருக்கிறார்கள். இயற்கையாக ஓடுவது வேறு, திரட்டி விடுவது வேறு.

இவ்வளவும் வழக்கமான மழைக்கு. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. மழை ஒரு கிரவுண்டில் மட்டும் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர். அப்படிப்பட்ட நாளுக்கு எந்த வாட்டமும் ஈடாகாது.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு கோரிக்கை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். பல உள்தெருக்களில் இன்னமும் பழையதன் மேலேயே புதியது விழுகிறது; ஒவ்வொரு முறையும் ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம். வீட்டுக்காரர் இன்று 16 அங்குலம் கணக்குப் போட்டு வாட்டம் கொடுத்தால், இரண்டு சாலைகளுக்குப் பிறகு அது 12 ஆகிவிடும். சாலை ஒப்பந்தம் விடும்போதே அந்தத் தெருவின் இறுதி மட்டத்தை முடிவுசெய்து, மின்கம்பங்களிலோ வடிகால் சுவரிலோ சிவப்புக் கோடாகப் போட்டுவைத்தால், டியூப் லெவலோடு நிற்கும் கொத்தனாருக்கு எங்கிருந்து அளப்பது என்று தெரியும்; ஒப்பந்தக்காரர் கோட்டைத் தாண்டினால் தெருவில் யாருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
கட்டடப் பணி மேற்பார்வையாளர்கள் சிலர்,
மேற்குத் தாம்பரம்.