ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

புற்றுநோய்க்கான ட்ரயலுக்கு, அதாவது புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கு, ஆஸ்பத்திரி போய்வந்த எங்கள் வீடுகளுக்கு வழிச்செலவுப் பணம் நேற்று வந்து சேர்ந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையில் கிடந்தபோது நிலைமை என்னவென்று பாம்பன் முதல் தொண்டி வரை எல்லோருக்கும் தெரியும். நன்றி மட்டும் சொல்கிறோம்.

தங்கச்சிமடம் ஜெராக்ஸ் கடை அண்ணே, முதல் நன்றி உங்களுக்கு. ட்ரயலில் மருந்தும் அதற்கென்று எடுக்கும் டெஸ்டும் இலவசம். வழிச்செலவு மட்டும் ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. அதையும் முதலில் கைக்காசு போட்டுப் போய்வந்து, டிக்கெட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். அந்த டிக்கெட்டில்தான் வினை. கண்டக்டர் மெஷினில் கிழித்துத் தருவது மை அச்சு இல்லை, சூட்டில் கருக்கும் தாள். மடியில் வியர்வை பட்டாலும், பிளாஸ்டிக் கவரில் கிடந்தாலும் எழுத்து வெளுத்துவிடும். வெற்றுத்தாளைக் கணக்குப் பிரிவில் வாங்க மாட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டால் அந்தச் சூட்டிலேயே முழுதும் கறுத்துவிடும். "அதை மட்டும் செஞ்சிராதீங்க" என்று முதலில் தடுத்தது நீங்கள்தான். வந்திறங்கிய அன்றே ஒரு தாளுக்கு நான்கு டிக்கெட்டாக நகல் எடுத்து, பக்கத்திலேயே தேதி, ஊர், தொகையைப் பேனாவால் எழுதி, அசலை அடியில் பின் அடித்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தீர்கள். ஞாயிறு ராத்திரியும் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக் காத்திருந்தீர்கள். காசு நீட்டினால் திட்டு.

ரயில் சலுகைச் சான்றை ஆஸ்பத்திரியில் வாங்கிவந்து, கவுண்டரில் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கும் நன்றி. ஸ்லீப்பரில் புற்றுநோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு 75 சதவீதம் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. உண்டியல் அனுப்பிய ஜமாத், சர்ச், கோயில் கமிட்டி, பாசி எடுக்கும் பெண்கள் குழு, ஐஸ் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் கும்பிடு. "எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று பேசியவர்களும் பணம் போட்டார்கள். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியதும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு குறைந்தது.

தடைக்காலம் 61 நாள். 21 நாளுக்கு ஒருமுறை மருந்துக்குப் போகும் சுற்றில் அதற்குள் மூன்று பயணம் வரும். அடுத்த ஏப்ரல் 15-க்குள் ட்ரயலில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த மூன்று பயணத்துக்கான முன்பணத்தை, துணைக்கு வருபவரின் சாப்பாட்டுச் செலவும் சேர்த்து, தனியாக எடுத்து வைத்துவிடுவோம்.

அண்ணே, அடுத்த டோனர் எங்கள் கணக்கு. மறுக்கக்கூடாது.